மாலை தங்காத கழுத்து

“…அப்போ என் வீட்டுக்காரரு தலைவரா இருந்ததே இல்லன்னு சொல்றீங்களா?”

அக்கா கேட்டது எங்கள் கட்சியின் இப்போதைய செயலாளரை. ஜார்ஜ்டவுன் அலுவலகச் சுவரில் கட்சியின் முன்னாள் தேசியத் தலைவர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கின. அக்காவின் கணவர், எங்கள் அண்ணன், படம் மட்டும் இல்லை. அக்கா பாகான் டாலாமிலிருந்து கடல் தாண்டும் பெர்ரி ஏறி, ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய படங்களோடு வந்திருந்தார். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னும் இரண்டு மூன்று நாள்தான் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். கண் திறக்கும்போதெல்லாம் அவர் கேட்பது ஒன்றுதான்: “படம் மாட்டிட்டாங்களா?”

“மினிட்ஸ் புக் எல்லாம் வெள்ளத்துல போச்சுலா அக்கா. தலைவரா மேடையில இருக்கிற படம் ஒண்ணு காட்டுங்க, இன்னிக்கே மாட்டிடுறேன்.”

“நான் அவர்கிட்ட கிளைச் செயலாளரா இருந்தவன்யா, நான் சொல்றேன்,” என்றேன்.

“நீங்க அவரு ஆளு அண்ணே. கமிட்டி ஒத்துக்காது.”

சுங்கை பாக்காப் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியின் மகன் அண்ணன். முந்தைய தலைவர் பாதியில் விலகியதால் பதவிக்கு வந்தார். தோட்டம் விற்கப்பட்டபோது, வீடு கேட்டு ஜனங்களோடு நில அலுவலக வாசலில் உட்கார்ந்தார். கட்சியின் பெரிய புள்ளிகளுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த மாநாட்டிலேயே தோற்கடித்தார்கள். அவருடைய அரசியல் அவ்வளவுதான்.

டின்னை மேசையில் கவிழ்த்தோம். எதிலும் அண்ணன் கழுத்தில் மாலை இல்லை. தனக்கு விழும் மாலையை அந்த நிமிடமே கழற்றி, பக்கத்தில் நிற்பவர் கழுத்தில் போடுவது அண்ணனின் பழக்கம். “எனக்குக் கழுத்து அரிக்குது, நீ கொஞ்சம் சொமந்து பாரு,” என்பார். ஒரு படத்தில் லாரி டிரைவர் மாலையோடு நிற்கிறார். இன்னொன்றில் தேநீர் கலக்கும் ஒரு அம்மா. எல்லாவற்றிலும் அண்ணன் ஓரமாக நின்று கைதட்டுகிறார்.

செயலாளர் ஒரு படத்தை எடுத்து என்னைப் பார்த்தார். “இதுல மாலையோட நடுவுல நிக்கிறது நீங்கதானே? பாக்கிறவன் உங்களத்தானே தலைவர்னு சொல்வான்?”

அந்த மாலையை ஏன் வாங்கிக்கொண்டேன்? படத்தை அவர் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

அக்கா எழுந்தார். நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். “அவரு இல்லாத செவுத்துல யாரும் வேணாம்,” என்று முதல் தலைவரின் படத்தை ஆணியிலிருந்து கழற்றி என்னிடம் நீட்டிவிட்டு, அடுத்ததற்குக் கை நீட்டினார்.