கணினிப் போனில் கேட்ட சம்மதம்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் நான் டெலிபோன் ஆபரேட்டர். தொண்ணூறுகளின் கடைசியில் பாஸ் ஒரு கணினிப் போனைக் கொண்டுவந்து வைத்தார். இண்டர்நெட் வழியாக லண்டனுக்குப் பேசினாலும் செலவே இல்லையாம். அன்றிலிருந்து என் பழைய சுவிட்ச்போர்டில் வெளிநாட்டுக்குப் போடக்கூடாது என்று உத்தரவு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சனியனில் நாம் சொன்னது அங்கே போய்ச் சேர இரண்டு மூச்சு நேரம் பிடிக்கும். அந்த முனையில் இருப்பவரும் நானும் சேர்ந்து பேசி, சேர்ந்தே வாயை மூடுவோம்.

அந்த வாரம் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் கிள்ளானிலிருந்து போய் லண்டனில் குடியேறிய குடும்பம் என்னைப் பெண் கேட்டிருந்தது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, எங்கள் வீட்டு மீன் கறியை இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கூச்சமில்லாமல் கேட்கும் ஆள். எனக்குப் பிடித்துப்போனது. பெரியவர்கள் பேசி முடித்தும், பெண் வாயால் கேட்காமல் தட்டு மாற்றமாட்டேன் என்றார் லண்டனில் இருந்த அவர் அம்மா.

"இங்கியே பேசிக்கோ லா, சும்மாதானே," என்றார் பாஸ், கணினிப் போனைக் காட்டி. சொல்லிவிட்டு என் பின்னாலேயே நின்றார்.

"என் மவன உனக்குப் பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"பிடிச்சிருக்கு ஆன்டி," என்றேன் உடனே.

அது போய்ச் சேர்வதற்குள், "கட்டாயம் இல்லம்மா, யோசிக்கணும்னா..." என்று அவர் குரல் என் பதில்மேல் ஏறி வந்தது. மறுபடி சொல்ல வாயெடுத்தேன். இருவரும் சேர்ந்து பேசி, சேர்ந்து நிறுத்தினோம்.

"பரவால்லம்மா, எனக்குப் புரியுது," என்றார். லைன் செத்தது.

என்ன புரிந்தது அவருக்கு? சம்மதமா என்று கேட்டதற்குப் பதில் வரத் தாமதித்தால் ஒரு தாய் என்ன நினைப்பாள்? பாஸ் விசைகளைத் தட்டிக்கொண்டே, "கொஞ்சம் பொறு லா," என்றார். அதற்குள் அந்த அம்மா மகனிடம் சொல்லிவிட்டால்? எழுந்துபோய் என் சுவிட்ச்போர்டில் உட்கார்ந்து லண்டனுக்குப் போட்டேன்.

"அதுல வேணாம்னு சொன்னேன்ல?"

"சம்பளத்துல பிடிச்சிக்குங்க பாஸ்," என்றேன் திரும்பாமலே.

முதல் மணியிலேயே அந்த அம்மா எடுத்தார். "உனக்கு இஷ்டம் இல்லன்னு தெரிஞ்சிடுச்சும்மா. மவன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் உக்காந்திருக்கேன்."

"ஐயோ, அப்படி இல்ல அத்தே," என்றேன்.

அதுவரை அவர் எனக்கு ஆன்டிதான். அந்தப் பக்கம் அவர் மூச்சை இழுத்துவிட்டது அப்படியே என் காதில் கேட்டது.

"அத இன்னொரு தடவ சொல்லும்மா," என்றார்.