ஞாயிற்றுக்கிழமை பார்த்து விழுந்த விமானம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிறு காலையில் பேசாலை என்ற மீனவ ஊரின் கடலுக்கு மேலே நடந்தது இது. கரையோரத்தை மேலிருந்து படம் பிடிக்கும் வேலைக்காக ஒரு சின்ன விமானத்தில் போயிருந்தேன். விமானியும் நானும் மட்டும்தான். நான் வவுனியாக்காரி. குளத்தில் கால் நனைத்ததோடு சரி, நீச்சல் தெரியாது.

எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றே போனது. விமானி தெற்குப் பக்கத்தவர், அரைகுறைத் தமிழ். "பயம் வேண்டாம், கதவைத் திறந்து வையுங்கோ" என்றார், ஏதோ பஸ் சில்லுக்குக் காற்றுப் போனது மாதிரி. கரையில் இறக்கச் சொல்லிக் கத்தினேன். கரை நெடுக வரிசையாகப் படகுகளை ஏற்றி வைத்திருந்தார்கள், இறங்க இடமில்லை. கடலில்தான் இறக்கினார்.

விழுந்த வேகத்தில் முன்பக்கம் தண்ணீருக்குள் போனது. எப்படியோ தொற்றி ஏறி இறக்கையில் உட்கார்ந்துவிட்டோம். என்னுடைய உயிர்காப்பு அங்கியோ உள்ளே கிடந்தது. வெக்கை தாங்காமல் கழற்றிப் பின்னால் எறிந்திருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். விமானி தன்னுடையதைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். அவருக்கு நீந்தத் தெரியும்தான், ஆனால் ஒரு கை முறிந்து தொங்கியது. இறக்கை மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தது.

கரையிலிருந்த மாதா கோயில் ஒலிபெருக்கியில் ஞாயிறு பூசை கேட்டது. சத்தம் கேட்டோ என்னவோ, வெள்ளை உடுப்போடு ஆண்கள் கரைக்கு ஓடி வந்தார்கள். அப்பாடா என்றிருந்தது. வந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள், கையைக் காட்டி என்னவோ கத்தினார்கள், பிறகு எல்லாரும் திரும்பி ஊருக்குள் ஓடிவிட்டார்கள்!

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. "இத்தனை படகு நிக்குது, ஒண்டையாவது தள்ளுறாங்களா? என்ன மனிசர் இவங்கள்!" என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். "வருவாங்க" என்றார் விமானி. அந்த நிதானம் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. திட்டுவதை விட்டு, அவருடைய சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் எஞ்சின் சத்தம் கேட்டது. இரண்டு படகுகள் சீறி வந்தன. முதலில் விமானியைத் தூக்கிப் போட்டார்கள், பிறகு என்னை. என்னைத் தூக்கியவர் ஐம்பது வயதுக்காரர். படகில் போட்ட கையோடு ஏசத் தொடங்கிவிட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை பாத்தோ பிள்ளை விழுவியள்? இண்டைக்கு ஒருத்தரும் தொழிலுக்குப் போறேல்லை. சனிக்கிழமையே எஞ்சினைக் கழட்டி வீட்டை கொண்டு போயிடுவம். எஞ்சின் இல்லாமல் வெறும் படகைத் தள்ளி என்ன செய்யிறது? தூக்கிக்கொண்டு ஓடி வாறதுக்குள்ள எங்களுக்கு உயிர் போயிட்டுது!"

"பூசையும் போச்சு, பெருநாளுக்குத் தைச்ச சேட்டும் போச்சு" என்றார் எஞ்சினைப் பிடித்திருந்தவர்.

ஏசியவரின் வெள்ளைச் சட்டை தோளில் கிழிந்து, எண்ணெயும் இரத்தமுமாக இருந்தது. அவ்வளவு பாரத்தையும் அந்தத் தோளில்தான் சுமந்து மணலில் ஓடி வந்திருக்கிறார். நன்றி சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. "அழாதேங்கோ, இந்தாங்கோ தண்ணி" என்று அதையும் அதட்டலாகத்தான் சொன்னார்.

இப்போதும் என் அவசரத்தில் யாராவது முதுகைக் காட்டிப் போனால் சுறுக்கென்று கோபம் வரும். ஆனால் திட்ட வாய் திறக்கும் முன்பே, எஞ்சின் எடுக்கத்தான் ஓடுகிறாரோ என்று ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.