மலைமேல் எட்டு நாள்

தெருவில் அவரைக் கண்ணாடிக்காரர் என்றால்தான் தெரியும். புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது மூக்குக்கண்ணாடி விற்கிறவர் என்று நினைத்துக்கொண்டு வாசலில் வந்து விலை கேட்பார்கள். அவருக்குக் கோபம் வராது. "நான் சூரியனுக்கே கண்ணாடி காட்டினவன்" என்பார். கிழவருக்கு மறை கழன்றுவிட்டது என்று முடிவுகட்டிக்கொண்டு அவர்கள் போய்விடுவார்கள். ஆனால் அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

நாட்டின் வரைபடத் துறையில் அவருக்கு முப்பத்தாறு வருடச் சேவை. இன்றைக்கு ஆகாயத்திலிருந்து படமெடுத்து அரை நாளில் ஆறு, ரோடு எல்லாம் வரைந்துவிடுகிறார்கள். அன்றைக்கு அப்படியில்லை. ஒரு நாட்டை அளப்பது என்றால் மலை உச்சிக்கு மலை உச்சி முக்கோணம் போட்டுக்கொண்டே போகவேண்டும். ஒரு மலையில் அளவை அதிகாரி கோணம் பார்க்கும் கருவியோடு உட்கார்ந்திருப்பார். முப்பது மைலுக்கு அப்பால் இன்னொரு மலையில் ஒருவன் உள்ளங்கை அகலக் கண்ணாடியில் வெயிலைப் பிடித்து அவர் பக்கம் திருப்புவான். அவருக்கு அது ஒரு மினுக்குப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியை வைத்துத்தான் கோணம். சூரியன் நமக்காக நிற்குமா? நிமிஷத்துக்கு ஒருதரம் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். கண் அசந்தால் புள்ளி போச்சு, புள்ளி போனால் கோணம் போச்சு. ஒரு கோணம் குறைந்தால் அந்தப் பருவம் முழுக்கக் கட்டிக்கொண்டு வந்த முக்கோணங்கள் அத்தனையும் அந்தரத்தில் தொங்கும்.

அளந்து முடிந்ததும் அதிகாரி பக்கத்திலிருந்து மூன்று நீளமான ஒளிவெட்டு வரும். வேலை முடிந்தது, இறங்கலாம் என்று அதற்கு அர்த்தம். அது வராமல் கண்ணாடிக்காரன் மலையை விட்டு இறங்கக்கூடாது. எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம் அது. எழுதின சட்டத்தை மீறியவர்கள் துறையில் நிறையப் பேர் உண்டு. இதை மீறியவன் ஒருவனும் இல்லை.

அவருடைய இருபத்தெட்டாவது வயதில், பெயரில்லாத, வெறும் எண் மட்டும் கொடுத்திருந்த ஒரு மலைக்கு அவரை அனுப்பினார்கள். வீட்டில் மனைவியும் ஐந்து வயது மகளும். கிளம்பும்போதே மனைவிக்கு உடம்பு லேசாகச் சுட்டது. வெந்நீர் வைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று அவளே சொல்லி, அவருடைய போர்வையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

முதல் மூன்று நாளும் நல்ல வெயில். நான்காம் நாள் மத்தியானம், அடிவாரத்திலிருந்து தண்ணீரும் சாப்பாடும் கொண்டுவரும் ஆடு மேய்க்கிறவர் ஒரு சேதியும் கொண்டுவந்தார். மனைவியின் தங்கை ஆள்மேல் ஆளாகச் சொல்லியனுப்பியிருந்தாள். காய்ச்சல் இறங்கவில்லை, அக்கா உங்களையே கேட்கிறாள், உடனே கிளம்பி வாருங்கள். வீட்டுக்கு ஒன்றரை நாள் பயணம். அவர் எதிர் மலையைப் பார்த்தார். ஒளி எதுவும் வரவில்லை. பொழுது சாயும்வரை பார்த்தார். நாளைக் காலையில் வந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மறுநாளும் வரவில்லை. அந்தப் பக்கம் மூட்டம் போட்டிருக்கும், என் புள்ளி அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று அவராகவே ஒரு காரணம் கண்டுபிடித்தார். அதனால் இன்னும் கவனமாகத் திருப்பினார். அழுதுகொண்டே திருப்பினார். கண்ணைத் துடைக்க ஒரு கை, கண்ணாடிக்கு ஒரு கை. வாழ்நாளில் வேறெந்த வேலையையும் அவர் அத்தனை சுத்தமாகச் செய்ததில்லை.

ஒன்பதாம் நாள் காலையிலேயே ஆடு மேய்க்கிறவர் வெறுங்கையோடு மேலே வந்தார். அவர் வாயைத் திறந்து சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

உத்தரவு வராமலே இறங்கினார். பெண்டாட்டி செத்துப்போனாளே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வெட்கத்தை விட்டுச் சொன்னால், வேலை போய்விடுமே என்ற பயமும் இருந்தது. கையில் ஒரு பெண் குழந்தை இருக்கிறதே. வழியிலிருந்த முகாமில் தலைமைக் குமாஸ்தாவின் முன்னால் கைகட்டி நின்றார். மனுஷன் திட்டவில்லை. எழுந்து வந்து தோளில் கை வைத்தார்.

"வேலை நேத்து சாயங்காலமே முடிஞ்சிருச்சுப்பா. நீ இருந்ததாலதான் முடிஞ்சுது. வீட்டைப் போய்ப் பாரு."

வீட்டில் பார்க்க ஒன்றும் இல்லை. எல்லாம் முடிந்திருந்தது. மகள் சித்தியின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரிடம் வரவில்லை.

பன்னிரண்டு வயது வரை அவள் சித்தி வீட்டில்தான் வளர்ந்தாள். அவர் மாதத்துக்கு ஒருதரம் பிஸ்கட் பொட்டலத்தோடு போய் விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிட்டு வருவார். பிறகு தன்னோடு அழைத்துக்கொண்டார். பதினெட்டு வயதில், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள்: சேதி வந்த அன்றைக்கே இறங்கியிருந்தால் அம்மா பிழைத்திருப்பாளா? பிழைத்திருக்கலாம் என்றும் சொல்ல முடியவில்லை, மாட்டாள் என்றும் சொல்ல முடியவில்லை. தான் இறங்கியிருந்தால் அந்த வருஷத்து வேலை முழுக்க வீணாகியிருக்கும், எட்டாம் நாள்தான் கோணம் கிடைத்தது என்று, குமாஸ்தா சொன்னதையே சொன்னார். அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் குழாயடியில் கழுவிக் கவிழ்த்தாள். அப்புறம் மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்கவே இல்லை. கேட்காதது மட்டுமில்லை, சொந்தக்காரர்கள் யாராவது "பெண்டாட்டி கிடந்த கிடையில வராத மனுஷன்" என்று பேச்செடுத்தால் அவளே முந்திக்கொண்டு பதில் சொல்வாள். அவர் இறங்கியிருந்தால் இந்தப் பக்கத்துக்கு வரைபடமே வந்திருக்காது, தெரியுமா என்பாள். அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டுதான் தகப்பனும் மகளும் முப்பத்திரண்டு வருடம் ஒரே கூரையின்கீழ் காலம் தள்ளினார்கள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தபால் நிலையத்தில் வேலை பார்த்தாள். அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும், தொலைக்காட்சிச் சத்தத்துக்குச் சண்டை போடுவதுமாக நாட்கள் போயின.

இந்த நேரத்தில்தான் துறைக்கு நூற்றைம்பது வயது ஆயிற்று. வரலாறு எழுதி அச்சடித்து, ஓய்வுபெற்றவர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்பினார்கள். அம்மிக்கல் கனம். முதல் நூறு பக்கத்துக்கு மீசை வைத்த அதிகாரிகள். கருவி சுமந்த கோவேறு கழுதைக்குக்கூட முழுப்பக்கப் படம் இருந்தது. கண்ணாடிக்காரர்களைத் தேடத்தான் வேண்டியிருந்தது. அவர் அதற்கெல்லாம் மனத்தாங்கல் படவில்லை. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம். தான் எதற்காக மேலே இருந்தோம் என்பதை மகள் ஒருதரமாவது துறையின் வாயால் கேட்கவேண்டும். தன் வாயால் சொன்னதை எத்தனை நாள்தான் அவள் நம்பிக்கொண்டிருப்பாள்?

ஞாயிற்றுக்கிழமை காலை டீ குடித்த கையோடு புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜைமேல் விரித்து, நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மலையின் எண்ணைச் சொன்னார். அவள் கடைசிப் பக்கங்களில் தேடி, இடத்தைக் கண்டுபிடித்துப் படிக்க ஆரம்பித்தாள்.

"அந்தப் பருவத்தில் வானம் வழக்கத்துக்கு மாறாகத் தெளிவாக இருந்தது. ஆகையால் இம்மலையின் கோணங்கள் யாவும்..."

அங்கே நிறுத்தினாள். தண்ணீர் எடுத்து ஒரு வாய் குடித்தாள். பிறகு படித்தாள்.

"யாவும் எட்டு நாளில் எடுத்து முடிக்கப்பட்டன. கண்ணாடி காட்டியவரோட பொறுமையாலதான் அது முடிஞ்சுது."

எழுத்துக் கூட்டிப் படிப்பதுதான் அவருக்குத் தகராறு. எண்ணில் ஒரு குறையும் இல்லை, வாழ்க்கை முழுக்க நேரத்தையும் தேதியையும் குறித்துவைத்தவர். அவள் விரல் இருந்த வரியில் மூன்று என்று எண்ணில் அச்சாகியிருந்தது. அந்தப் பக்கம் முழுக்க எட்டு என்ற எண்ணே இல்லை.

அவருக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. மூன்றாம் நாள் சாயங்காலமே அதிகாரி கருவியை மூட்டைகட்டிக்கொண்டு அடுத்த மலைக்குப் போயிருக்கிறார். அவன் சொல்லியிருப்பான் என்று இவன், இவன் சொல்லியிருப்பான் என்று அவன், கடைசியில் ஒளிகாட்ட ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. ஐந்து நாள் யாருமில்லாத மலைக்கு வெயிலைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறார். குமாஸ்தாவுக்கு அது தெரிந்திருக்கிறது. அவர் செத்தே இருபது வருடம் ஆகிவிட்டது. இனி யார் சட்டையைப் பிடித்துக் கேட்பது?

"மூணுன்னு போட்டிருக்கும்மா" என்றார்.

"எட்டுப்பா."

"எனக்குச் சேதி வந்தது நாலாம் நாள். அப்பவே இறங்கியிருக்கலாம். உங்கம்மா அப்ப உயிரோடதான் இருந்தா."

அவள் புத்தகத்தை மூடினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"எட்டுன்னே இருக்கட்டும்ப்பா. உங்களை வெறுக்காம இருக்க எனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு."

மன்னிப்புக் கேட்கலாமா என்று பார்த்தார். கேட்டால் அவள் கையில் மிச்சமிருப்பதையும் பிடுங்கியதாகிவிடும் என்று தோன்றியது.

"சரிம்மா" என்றார். "எட்டுதான்."

அதைக் கேட்டதும்தான் அவள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள்.