திரும்பி வந்த கிடா

என் புருஷனுக்கு வாய் நீளம். முனியாண்டி சாமிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் நேர்ந்துவிட்ட கிடா எங்கள் கீரைப் பாத்தியில் வாய் வைக்கும்போதெல்லாம், "ஒருநாளைக்கு இத வெட்டிக் கறி வைக்கிறேன் பாரு" என்று லயத்து வரிசை வீடெல்லாம் கேட்கக் கத்துவார். நேர்ந்துவிட்ட கிடாவை யாரும் கட்டிவைப்பதில்லை, அடிப்பதுமில்லை. காது கிழிந்த அந்தக் கிடா பிரிக்பீல்ட்ஸ் முழுக்க மாப்பிள்ளை போல மேய்ந்து திரிந்தது.

ஒருநாள் அது காணாமல் போனது. கத்தினவர்தானே திருடியிருப்பார்? பக்கத்து வீட்டு அண்ணன் பாலாய்க்கு, அதான் போலீஸ் ஸ்டேஷனுக்கு, போய்ப் புகார் கொடுத்தார். வெறும் சந்தேகத்தைச் சொன்னால் போலீஸ்காரன் எழுதிக்கொள்ள மாட்டான் என்று யாரோ ஓதியிருக்கிறார்கள். "கயித்தப் போட்டு இழுத்துக்கிட்டுப் போனத என் கண்ணால பார்த்தேன்" என்று ஒரு பொய்யையும் சேர்த்துவிட்டார். ரயில்வே பட்டறையிலிருந்து என் புருஷனை விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள். ஜெயில் என்று ஆனால் வேலை போகும், வேலை போனால் லயத்து வீடும் போகும். எனக்கு வயிற்றில் பிள்ளை வேறு.

அந்த வாரமே, நான் குழாயடியில் நிற்கும்போது, கிள்ளான் ஆற்றுப் பக்கமிருந்து கிடா சாவகாசமாக வந்தது. கழுத்து மஞ்சள் துணி சேறாகியிருந்தது, அவ்வளவுதான். குடத்தைப் போட்டுவிட்டு அதை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, கிடா வந்திருச்சு! அண்ணன பாலாய்ல வந்து சொல்லச் சொல்லுங்க, அவர விட்டுருவாங்க."

அண்ணன் பெண்சாதி, அந்த அக்கா, பேயறைந்தவள்போல நின்றாள். அண்ணன்தான் வெளியே வந்தார்.

"ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி சொன்னாரும்மா. சட்டத்த மாத்திட்டாங்களாம். திருட்டுக்கு மட்டும் இல்ல, பொய் ரிப்போட்டு குடுத்தவனுக்கும் இப்ப ஜெயிலாம். முன்ன மாதிரி அபராதத்தோட விடமாட்டாங்களாம். நான் உள்ள போனா இவ பிள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்க போவா?"

"அப்ப என் புருஷன் மட்டும் போகலாமா?"

அவர் கிடாவை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். தட்டித் தட்டி என் கை வீங்கியதுதான் மிச்சம். லயத்தில் ஓர் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. சாட்சி சொன்னால் அதற்கும் புதுச் சட்டத்தில் ஏதாவது இருக்குமோ என்று எல்லாருக்கும் பயம். பாலாய்க்கு ஓடி அழுதேன். "கிடா வந்துச்சுன்னா அத இங்க கொண்டா" என்று துரத்திவிட்டார்கள். திரும்பி வந்தபோது அவர்கள் வீடு திறந்திருந்தது. கிடா இல்லை. "எந்தக் கிடா?" என்றாள் அக்கா. அவளை அங்கேயே அறைந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை, தண்டவாளத்தோரம் மரத்தடியில் இருக்கும் முனியிடம் அழப் போனேன். கல்லுக்கு முன்னால், குங்குமம் வைத்து, கிடாவின் தலை இருந்தது. அதே கிழிந்த காது. சர்க்காரை ஏமாற்றலாம், முனியை ஏமாற்ற முடியுமா? நேர்ந்த கிடாவைச் சும்மா கொன்று புதைக்க அவர்களுக்குத் துணிச்சல் வரவில்லை. முனி கண் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். தலையை முந்தானையில் சுற்றிக்கொண்டு பாலாய்க்கு நடந்தேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன்.

வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை, பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார். மொழிபெயர்ப்பவர் கேட்டார்: "இது உன் ஆடா?"

அண்ணன் என் பக்கம் பார்க்கவில்லை. "ஆமாங்க. எங்க கிடாதான்."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"இவள் கைக்கு எப்படி வந்தது?"

அதற்கு அவர் வாயே திறக்கவில்லை. நான் முனி என்றேன், மரம் என்றேன், கதவைச் சாத்தினார்கள் என்றேன், தொண்டை கிழியக் கத்தினேன். துரை என் முந்தானையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார். பிறகு எழுத ஆரம்பித்தார்.

அதுவரை என் புருஷனுக்கு எதிராக அவர்களிடம் இருந்தது ஒரு பொய் மட்டும்தான். ஆதாரத்தை நான்தான் சுமந்துகொண்டு போய்க் கொடுத்தேன்.