ஹீட்டருக்குச் சட்டை தைத்தவர்

எங்க வீட்டுக்காரருக்குப் பெத்தவங்க வச்ச பேர்னு ஒண்ணு இருக்கு. அது பேங்க் புத்தகத்துல பத்திரமா இருக்கு, யாரும் தொடறதில்லை. தெருவுக்கு அவர் மீசை டெய்லர். கடை போர்டுலயும் அதேதான். எழுத்துக்குக் கீழ ரெண்டு பக்கமும் முறுக்கின மீசை ஒண்ணு வரைஞ்சிருக்கும். காலையில எழுந்ததும் மீசைக்கு எண்ணெய் தடவி, சீப்பு போட்டு, முனையை முறுக்கிவிட்டுத்தான் என் மூஞ்சியையே பார்ப்பார். கல்யாணமான புதுசுல எனக்குப் பத்திக்கிட்டு வரும். அப்புறம் பழகிடுச்சு.

நல்ல மனுஷன்தான். குடி கிடையாது, கை நீட்டறது கிடையாது. ஒரே ஒரு வியாதி, எதையும் தூக்கிப் போட மாட்டார். குடைக்கு ஒட்டு, செருப்புக்கு ஒட்டு, நாற்காலிக்கு ஒட்டு. என் பழைய புடவை இந்த வீட்டுல எத்தனை அவதாரம் எடுத்திருக்குன்னு எனக்கே தெரியாது, நேத்து மிக்ஸிக்கு உறையாப் பார்த்தேன். ஏதாவது சொன்னா, "தூக்கிப் போடறதுக்கு எதுக்குடி டெய்லர், குப்பை வண்டி போதுமே"ம்பார். வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை.

அப்படிப்பட்டவர்கிட்ட மாட்டிக்கிச்சு எங்க பாத்ரூம் ஹீட்டர். நாங்க இந்த மாடி வீட்டை வாங்கினப்பவே அது சுவத்துல தொங்கிட்டிருந்தது. ஸ்விட்சைப் போட்டா உள்ள யாரோ தொண்டையைக் கனைக்கிற மாதிரி சத்தம் வரும். அடிப்பக்கம் துருப் பிடிச்சு, மெதுவா ஒழுக ஆரம்பிச்சது. பிளம்பரைக் கூப்பிடலாங்கன்னேன். சின்ன ஓட்டைக்கு எதுக்குடி பிளம்பர்னு, பிசைஞ்சு ஒட்டற பசையை வாங்கிட்டு வந்து அப்பினார். பசை காய்ஞ்சது, ஓட்டை பக்கத்துல இடம் மாறிக்கிச்சு. அங்கயும் அப்பினார்.

கீழ் வீட்டுல ஒரு டீச்சரம்மா. தமிழ் டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. ரிட்டையர் ஆனது வேலையிலேர்ந்து மட்டும்தான், அடுத்தவங்களைத் திருத்தறதுலேர்ந்து இல்லை. ஒருநாள் தலையில துண்டைச் சுத்திக்கிட்டு மேல வந்துட்டாங்க.

"டெய்லர், எங்க பாத்ரூம்ல ஷவர் ஒண்ணுதான் போட்டிருக்கேன். கூரையும் ஷவர் ஆகணும்னு நான் கேக்கலையே?"

இவர் சும்மா "தப்புதாங்க, ஆளை வச்சுப் பார்க்கறேன்"னு சொல்லியிருக்கலாம். சொன்னாரா? மீசை முனையைப் பிடிச்சுக்கிட்டு, "டீச்சர், இனிமே ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு உங்க வீட்டுல விழுந்தா, இந்த மீசையை எடுத்துடறேன்!"னு சவால் விட்டார். நான் பின்னாலேர்ந்து இடுப்புல கிள்ளினேன். உறைக்கலை.

"வார்த்தை மாற மாட்டீங்களே?"ன்னு டீச்சரம்மா கேட்டாங்க.

"டெய்லர் சொன்ன தேதிதான் மாறும் டீச்சர். வார்த்தை மாறாது."

அவங்க போனதும் பிடிச்சேன் ஒரு பிடி. "அறிவிருக்கா உங்களுக்கு? மீசை போனா பேர் போச்சு, பேர் போனா கடை போச்சு. போர்டுல என்னத்தை வரைவீங்க, உதட்டையா?"

மனுஷன் முகம் கொஞ்சம் வெளுத்துச்சு. இஞ்ச் டேப்பை எடுத்துக்கிட்டு நேரா பாத்ரூமுக்குள்ள போனார். ஹீட்டருக்கு மார்பு அளவு எடுத்தார். இடுப்பு அளவு எடுத்தார். "கொஞ்சம் தொப்பை இருக்கு, லூஸா வெட்டணும்"னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டார். மறுநாள் கடையிலேர்ந்து வரும்போது ரெயின்கோட் துணியில ஒரு சட்டை தைச்சுக் கொண்டுவந்தார். முன்னால ஜிப், மேல காலர், அடியில ரெண்டு மடிப்பு வச்சு இறுக்கின தையல். சும்மா சொல்லக்கூடாது, எனக்குத் தைக்கற ஜாக்கெட் கூட அவ்வளவு கச்சிதமா இருந்ததில்லை.

போட்டுவிட்டார். சொட்டு நின்னுடுச்சு. கீழ் வீட்டுக் கூரை காய ஆரம்பிச்சது. மீசை முறுக்கு ஒரு சுத்து கூடிச்சு. தெருவுல டீச்சரம்மாவைப் பார்த்தா இவரே வலியப் போய், "என்ன டீச்சர், தலை காய்ஞ்சிருக்கா?"ன்னு விசாரிப்பார்.

எனக்கு மட்டும் சந்தேகம் போகலை. ஒழுகற தண்ணி எங்கதான் போகும்? ஒருநாள் காலையில குளிக்கப் போய்ப் பார்த்தா, சட்டைக்கு அடியில எட்டு மாச வயிறு. நேரா மெயினை அணைச்சுட்டு ஓடிவந்து அவரை எழுப்பினேன்.

"என்னங்க, ஹீட்டர் உப்பியிருக்குங்க! தண்ணி முழுக்க சட்டைக்குள்ள நிக்குது!"

பார்த்ததும் அவர் முகத்துல அப்படி ஒரு பூரிப்பு. "பாத்தியா! ஒரு சொட்டு வெளிய வரலை பாத்தியா! என் தையலைப் பாருடி!"

"தையலைக் கொண்டாடறது இருக்கட்டும். மெல்ல ஒரு பக்கெட்டை அடியில வச்சு..."

நான் சொல்லி முடிக்கலை. பெருமை தாங்காம தையலைத் தட்டிக் காட்டினார் பாருங்க, தையல் நின்னுச்சு, ஜிப் விட்டுடுச்சு. மொத்தத் தண்ணியும் பாத்ரூம் தாண்டி, நடை தாண்டி, எங்கெல்லாம் சந்து இருக்கோ அங்கெல்லாம் இறங்கிச்சு. கீழேயிருந்து டீச்சரம்மா போட்ட சத்தத்துல அவங்க இலக்கணம் படிச்சவங்கன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

மேல வந்தாங்க. தலையெல்லாம் ஷாம்பு நுரை. "டெய்லர், சவரக் கத்தியை எடுங்க."

இவர் நனைஞ்ச கோழியா நின்னுக்கிட்டு என்ன சொன்னார்ங்கறீங்க? "டீச்சர், சொட்டு விழுந்தாத்தானே மீசை? இது சொட்டலையே. கொட்டிச்சு."

குப்புற விழுந்தாலும் மீசையில மண் ஒட்டலைன்னு சொல்வாங்களே, அதை அன்னைக்கு நேர்லயே பார்த்தேன். டீச்சரம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. தமிழ் டீச்சர் இல்லையா, வார்த்தைன்னதும் நின்னுட்டாங்க.

"சொட்டறது வேற, கொட்டறது வேற. ஒத்துக்கறேன். ஆனா கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசைன்னா நடக்காது டெய்லர். இந்த ஹீட்டரைக் கழட்டிப் போடுங்க, மீசை இருக்கட்டும், மன்னிச்சு விடறேன். ஹீட்டர்தான் வேணும்னா மீசை போகணும். ரெண்டுல ஒண்ணு."

அப்பாடான்னு இருந்தது எனக்கு. மூளை இருக்கற எவனும் எதைச் சொல்வான்? இவர் ஹீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். ரெண்டு நிமிஷம் கொடுங்கன்னு சொல்லிட்டு பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டார்.

திறந்தப்போ வெளிய வந்தது யாரோ. மூக்குக்குக் கீழ வெறும் தோல், அந்த இடம் மட்டும் வெயிலே படாம வெளேர்னு. "அப்போ ஹீட்டர் இருக்கலாம்தானே டீச்சர்? பைப்பை மூடிட்டேன். நாளைக்கு வேற துணியில தைச்சிடறேன்."

டீச்சரம்மா நுரையோட இறங்கிப் போயிட்டாங்க. நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

மறுநாள் அவர் கடைக்குப் போனதும் பிளம்பரை வரச் சொன்னேன். வந்தவர் அடிப்பக்கம் விரலை வச்சார், விரல் உள்ள போயிடுச்சு. "ஒட்டுப் போட இதுல எங்கம்மா இடம் இருக்கு, எல்லாமே ஓட்டைதான்"னு சிரிச்சார். கழட்டச் சொன்னேன். புதுசு மாட்டச் சொன்னேன். இவர் வந்து குதிக்கட்டும், நானும் விடப்போறதில்லைன்னு இடுப்புல முந்தானையைச் சொருகிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

வந்தார். பாத்ரூமை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து கட்டில்ல உட்கார்ந்துட்டார்.

"திட்டறதுன்னா திட்டிடுங்க"ன்னேன்.

"ஒரு பழைய கஸ்டமர் வந்தார்"னு ஆரம்பிச்சார். "என்னை அடையாளம் தெரியலை. மீசை டெய்லர் எங்கன்னு கேட்டார். வெக்கமா இருந்தது. அண்ணன் வெளியூர் போயிருக்கார், நான் தம்பின்னு சொல்லிட்டேன்."

"சரி, அதனால என்ன?"

"பேண்ட் உயரம் குறைச்சுக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துட்டு, 'உங்க அண்ணனை விட நீங்க நல்லா தைக்கறீங்க தம்பி, அவர் வந்தாலும் நீங்களே கடையைப் பாத்துக்கோங்க'ன்னுட்டுப் போறார்." கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தார். "இத்தனை வருஷம் தைச்சதும் நான்தானேடி?"

சிரிப்புதான் முதல்ல வந்தது. ஆனா அந்த வெறும் மேலுதடு துடிக்கறதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கலை. இவ்வளவு நாளா அது துடிச்சாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. பக்கத்துல போய் உட்கார்ந்து கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"அந்த ஆளு கிடக்கறான் விடுங்க. அவனுக்குத் தம்பி பிடிச்சா தம்பியை வச்சுக்கட்டும். எனக்கு அண்ணன்தான் வேணும்"னேன்.

சொன்ன பிறகுதான் உறைச்சுது. கட்டின புருஷனைப் போய்! நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் கட்டில் ஆட ஆடச் சிரிச்சார். கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுந்து தோள்ல துண்டைப் போட்டார்.

"சரி தங்கச்சி, அண்ணன் குளிக்கணும். அந்தப் புது ஹீட்டரைப் போட்டு விடு."