போர்வைக்குள் ஒளித்த பை

வரப்பில் வழுக்கி விழுந்ததில் என் மாமனாருக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. எழுந்து நடக்க முடியாததால் சிறுநீர் போகக் குழாய் போட்டு, பையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டிருந்தார்கள்.

மறுநாளே பொன்னமராவதியிலிருந்து சொந்தபந்தமெல்லாம் வேன் பிடித்துப் பார்க்க வந்துவிட்டது. "அண்ணி, சம்பந்தி வீட்டாளுக வாராங்க. அவங்க முன்னாடி இது என்ன அசிங்கம்?" என்று என் நாத்தனார் பையைத் தூக்கி மாமாவுக்குப் பக்கத்தில் வைத்துப் போர்வையால் மூடினாள். கூட்டம் வரும்போதெல்லாம் இதே கதைதான். ஊசி போட வந்த நர்ஸ் பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு மாமாவுக்குக் குளிர் தூக்கிப்போட்டது. சிறுநீர் கலங்கி நாறியது. பேச்சும் குழறியது. "ஆபரேஷன் பண்ணுனா காய்ச்சல் வரத்தான் செய்யும்" என்றார்கள் பார்க்க வந்தவர்கள். டாக்டர் பரிசோதித்தபோது, மருத்துவமனையிலேயே குழாய் வழியாகத் தொற்றிய கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. பையை மேலே வைத்தால் சிறுநீர் திரும்ப உள்ளே போய்க் கிருமி பரவும் என்று டாக்டர் அப்போதுதான் எங்களைத் திட்டினார். முதல் நாளே சொல்வதற்கு என்ன கேடு?

மாமா பிழைக்கவில்லை. அதே வேனில் அதே ஆட்கள் மாலையோடு வந்தார்கள்.

இப்போது யாரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் குனிந்து, பை கீழே தொங்குகிறதா என்று பார்க்கிறேன். காய்ச்சல் இருக்கா, குழாய் இன்னும் வேணுமா என்று நர்ஸிடம் வாய்விட்டுக் கேட்கிறேன்.

"வெக்கங்கெட்டவ" என்கிறாள் நாத்தனார். வெட்கப்பட்டுத்தானே அவள் அப்பாவைப் பறிகொடுத்தோம்!