பத்துக்கு எட்டு போட்ட நாகலாபுரம்

நாகலாபுரம் வழியாகத் திருப்பதி போக நினைப்பவர்களுக்கு இது உதவலாம். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினேன். மறுநாள் திருப்பதியில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க வேண்டும். ஆந்திர எல்லையோரத் தமிழ் விவசாயக் குடும்பங்கள் வாழ்க்கையில் நிறைவாக இருக்கின்றன என்பது அதன் முடிவு. என் மூன்று வருட முனைவர் பட்ட ஆய்வே அந்த முடிவை நம்பித்தான் இருந்தது.

கூட வந்தவர் இரினா, ருமேனியாவில் சமூகவியல் பேராசிரியர், அதே கருத்தரங்கின் விருந்தினர். காலை 5.45க்குச் சென்னையில் பேருந்து, ஊத்துக்கோட்டையில் மாறி 9.30க்கு நாகலாபுரம். அங்குள்ள பழைய பெருமாள் கோயிலை முதலில் பார்த்துவிடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள்.

பிறகு தேவகி அக்கா வீடு. கடலை பயிரிடுபவர், போன வருடம் என் ஆய்வுப் படிவத்துக்குப் பதில் சொன்னவர். ‘வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி? பத்துக்கு மதிப்பெண் தருக’ என்ற கேள்வி வெளிநாட்டுச் சரக்கு, தமிழாக்கியது நான். அதற்கு எட்டு போட்டவர், இப்போது போர்வெல் மூன்று வருடமாக வறண்டு கிடக்கிறது என்று புலம்பினார்.

“அப்புறம் ஏன்க்கா எட்டு போட்டீங்க?”

“இன்னாம்மா, வூடு தேடி வந்து கேட்டுக்கினு கீற. மூணு, நாலுன்னு சொல்லி அனுப்புனா நல்லாவா இருக்கும்? இங்க அல்லாரும் அப்டிதான் போட்டோம். நீயும் சந்தோசமா எழுதிக்கினு போன.”

இரினாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியில் எங்கள் ஊரில் கேட்டபோது பயத்தில் பத்து போட்டார்கள். ஆட்சி போனதும் மேற்கு நாடுகளிலிருந்து வந்து கேட்டார்கள். உதவி கிடைக்குமென்று இரண்டு போட்டார்கள். அந்தப் பத்தை வைத்தும் இந்த இரண்டை வைத்தும் நாங்கள் புத்தகம் எழுதினோம்.”

“இதில் எது உண்மை?”

“தெரியாது” என்றார்.

மதியம் 2.10க்குப் பேருந்து. திருப்பதி சுமார் எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் ஆனது. வழியெல்லாம் குழம்பிக்கொண்டே வந்தேன். தங்குவதற்குத் திருச்சானூர் விடுதிகள் நல்லது, ஊருக்குள் போக ஷேர் ஆட்டோ உண்டு. கிராமத்துக்குப் போகிறவர்கள் அரை நாளாவது ஒதுக்குங்கள், படிவம் எதுவும் எடுத்துப் போகாதீர்கள்.

மறுநாள் 11.30க்குக் கட்டுரையை ஓரெழுத்தும் மாற்றாமல் வாசித்தேன். மாற்றத் தைரியம் வரவில்லை. எல்லோரும் கைதட்டியபோது வெட்கமாக இருந்தது.

மைக் பாதி நேரம் வேலை செய்யவில்லை, சாப்பாடும் ஆறிப்போயிருந்தது. மாலையில் அமைப்பாளர் அம்மா ஆளுக்கொரு தாளை நீட்டினார். கருத்தரங்கு எவ்வளவு திருப்தி, பத்துக்கு மதிப்பெண் தருக. பேனாவையும் கொடுத்துவிட்டு எதிரிலேயே சிரித்தபடி நின்றார்.

எட்டு போட்டேன்.